பலெர்மோ தோட்டத்து இலை

1787 ஏப்ரல் 17. சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில், கடற்கரையை ஒட்டிய பொதுத் தோட்டத்துக்கு ஒரு ஜெர்மானியக் கவிஞர் வந்தார். பெயர் யோஹான் வோல்ஃப்காங் கதே. வயது 37. ஹோமரின் ஒடிசி காவியத்தில் கரையொதுங்கிய வீரனுக்கு அடைக்கலம் தரும் இளவரசி நௌசிகாவைப் பற்றி ஒரு நாடகம் எழுதுவது அவருடைய எண்ணம். தோட்டத்துச் செடிகள் அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டன. நாடகம் கடைசிவரை முற்றுப்பெறவில்லை. ஆனால் அன்று அவருக்குள் எழுந்த ஒரு கேள்வி அரை நூற்றாண்டுக்குள் அட்லாண்டிக் கடலைத் தாண்டி, அமெரிக்காவின் கான்கார்டு என்ற சிற்றூரில் எமர்சனுக்கும் தோரோவுக்கும் சிந்தனைப் பொருளானது.

இயற்கையே பேராசான், தன் கண்ணையும் தன் மனத்தையும் நம்பி வாழ்வதே மனிதனுக்கு அழகு என்று அந்த இருவரும் எழுதினார்கள். அவர்களைக் கடந்தநிலைவாதிகள் என்று தத்துவ வரலாறு குறிப்பிடுகிறது. அவர்களைப் பற்றிப் பேசுபவர்கள் தோரோ குடில் கட்டி வாழ்ந்த வால்டன் குளத்தோடு தொடங்கி அங்கேயே முடித்துவிடுவது வழக்கம். அந்தச் சிந்தனைக்கு நீர் பாய்ச்சிய வாய்க்கால்களில் ஒன்று பலெர்மோவிலிருந்து போயிருக்கிறது.

பலெர்மோ அடிப்படையில் தோட்டங்களின் நகரம். மலைகளுக்கும் கடலுக்கும் நடுவே விரிந்து கிடக்கும் அந்தச் சமவெளியைக் ‘கொன்கா தோரோ’, அதாவது பொற்கிண்ணம் என்று அழைத்தார்கள். 831இல் நகரைப் பிடித்த அரபியர்கள் நிலத்தடியில் சுரங்க வாய்க்கால் வெட்டினார்கள், தொட்டி கட்டினார்கள், மாடு சுற்றும் நீரிறைக்கும் சக்கரம் வைத்தார்கள். எலுமிச்சையும் நாரத்தையும் கரும்பும் பருத்தியும் அவர்களோடுதான் இந்த மண்ணில் காலூன்றின. 1072இல் நகரம் நார்மானியர் கைக்குப் போனபோதும் தோட்டக்காரர்கள் மாறவில்லை, தண்ணீர் முறை மாறவில்லை. இன்றும் சிசிலி விவசாயி பாசனத் தொட்டிக்குச் சொல்லும் ‘ஜெப்பியா’ அரபிச் சொல்தான்.

கதே போய் அமர்ந்த தோட்டத்தின் பெயர் வில்லா ஜூலியா. நிக்கோலோ பால்மா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1778இல் திறக்கப்பட்டது. நகரத்து மக்கள் உலாவுவதற்கென்றே அமைத்த தோட்டம் அது. சதுர வடிவம், குறுக்கும் நெடுக்குமாகப் பாதைகள், நடுவே பன்னிரண்டு முகம் கொண்ட சூரியக் கடிகாரம். பந்தல் போல வளைத்துவிட்ட எலுமிச்சைக் கிளைகளையும், செம்பூ பூத்த உயரமான அரளி வேலிகளையும் கதே தம் பயணக் குறிப்பில் வியந்து எழுதியிருக்கிறார். நம் ஊர் நெடுஞ்சாலை நடுவில் தூசு படிந்து நிற்கும் அதே அரளி!

அரளியில் வியக்க என்ன இருக்கிறது? வடக்கு ஐரோப்பாவின் குளிரில் இந்தச் செடிகளுக்கு வெளியுலகம் கிடையாது. தொட்டியிலும் சாடியிலும் அடைபட்டு, வருடத்தின் பெரும்பகுதி கண்ணாடிக் கூரைக்கடியில் கிடக்கும். பலெர்மோவிலோ அவை திறந்த வானத்தின் கீழ் தம் இயல்புப்படி வளர்ந்து நின்றன. இப்படிச் சுதந்திரமாக வளர்ந்தால்தான் ஒரு செடி எப்படிப்பட்டது என்பது தெளிவாகத் தெரிகிறது என்று அவர் உணர்ந்தார். அடுத்த கணம் பழைய கேள்வி ஒன்று திரும்பி வந்தது. இத்தனை விதமான வடிவங்களுக்கு நடுவே, எல்லாச் செடிகளுக்கும் மூலமான ஒரு செடி இங்கே இருக்காதா? அப்படி ஒரு பொது வடிவம் இல்லாவிட்டால், இதுவும் செடி அதுவும் செடி என்று நாம் எப்படிக் கண்டுகொள்கிறோம்?

இந்தக் கேள்விக்கான விதை முந்தைய செப்டம்பரிலேயே பதுவா நகரத் தாவரத் தோட்டத்தில் விழுந்திருந்தது. அங்கே 1585இல் நட்ட விசிறிப்பனை ஒன்று நின்றது. அதன் அடியிலை எளிய ஈட்டி வடிவம். மேலே போகப்போகக் கீற்றுகளாகப் பிளந்து விசிறியாகிறது. ஒரே இலை எப்படியெல்லாம் மாறுகிறது என்பதை அவர் அங்கே பார்த்தார். பலெர்மோவில் தேடியது மூலச்செடியை. கடைசியில் கண்டடைந்தது மூல உறுப்பை. வித்திலை, தண்டிலை, புல்லிவட்டம், அல்லிவட்டம், மகரந்தத்தாள், கனி யாவும் ஓர் உறுப்பே உருமாறி எடுத்த கோலங்கள் என்ற முடிவுக்கு வந்தார். அந்த ஆதி உறுப்புக்கு இலை என்றே பெயர் வைத்தார். 1790இல் ‘தாவரங்களின் உருமாற்றம்’ என்ற சிறுநூலாக அது வெளிவந்தது.

இதைச் சொன்னவர் தாவரவியல் படித்துப் பட்டம் பெற்றவர் அல்ல. வைமார் அரசில் அமைச்சர். 1786 செப்டம்பர் 3ஆம் தேதி விடியுமுன் மூன்று மணிக்கு, நண்பர்களுக்குக்கூடச் சொல்லாமல், மோல்லர் என்ற மாற்றுப் பெயரில் இத்தாலிக்குக் கிளம்பி வந்தவர். பதவியையும் புகழையும் எல்லைக்கு அப்பால் வைத்துவிட்டு, தம் கண்ணால் பார்ப்பதை மட்டும் நம்புவது என்று தீர்மானித்திருந்தார். பின்னாளில் எமர்சன் வலியுறுத்திய தன்னம்பிக்கை இதுதான். அறிஞர் சபை என்ன சொல்லும் என்று தயங்காமல், கண்டதைக் கண்டபடி சொல்லும் துணிவு அது.

பலெர்மோவில் கதே தோட்டத்தோடு நின்றுவிடவில்லை. நகரின் வடக்கே கடலை நோக்கி நிற்கும் மோன்தே பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறினார். அங்கே ஒரு குகைக்கோயில். பலெர்மோவின் காவல் தெய்வமான புனித ரொசாலியா அங்கே கோயில் கொண்டிருக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் பிரபுக் குடும்பத்தில் பிறந்த ரொசாலியா, அரண்மனை வாழ்வை உதறிவிட்டு முதலில் கிஸ்கினா காட்டுக் குகையிலும் பிறகு இந்த மலைக் குகையிலும் தன்னந்தனியாக வாழ்ந்து மறைந்தார் என்பது வரலாறும் நம்பிக்கையும் கலந்த செய்தி. இந்தக் குகையில் வாழ்வது தன் சொந்த முடிவு என்று அறிவிக்கும் லத்தீன் கல்வெட்டு ஒன்று கிஸ்கினா குகையில் அவர் பெயரில் இருக்கிறது. 1624இல் கொள்ளைநோய் நகரைச் சூறையாடியபோது மலையில் அவருடைய எலும்புகள் கிடைத்தன. அவற்றை ஊர்வலமாக எடுத்துச் சென்றபின் நோய் தணிந்தது என்று மக்கள் நம்பினார்கள். ஆண்டுதோறும் ஜூலையில் நகரமே திரளும் திருவிழா அந்த நினைவில் எழுந்தது.

குகையின் கூரையிலிருந்து நீர் ஓயாமல் சொட்டும். அதை ஏந்திச் செல்ல ஈயத் தகட்டு ஓடைகளைப் பொருத்திப் பச்சை வண்ணம் பூசியிருந்தார்கள். கதேயின் கண்ணுக்கு அவை குகைக்குள் முளைத்த கள்ளிச்செடிகள் போலத் தெரிந்தன. சமயச் சடங்குகளில் பெரிய ஈடுபாடில்லாத அவர், விளக்கொளியில் மின்னிய ரொசாலியாவின் சிலை முன் வெகுநேரம் லயித்து நின்றார்.

அந்த மலையில் இன்று தமிழ்க் குரல்கள் கேட்கின்றன. 1980களிலிருந்து இலங்கைப் போரிலிருந்து தப்பிப் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான தமிழர்களில் பலர், ஞாயிற்றுக்கிழமைகளில் ரொசாலியாவைக் கும்பிட மலையேறுகிறார்கள். கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல, சைவர்களும் போகிறார்கள். நேர்த்திக்கடன் வைக்கிறார்கள், குகை நீரைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்கிறார்கள். மலை, சுனை, அங்கே தனித்து உறையும் ஒரு பெண்: இதைத் தெய்வம் என்று அறிந்துகொள்ள அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. பலெர்மோவாசிகளும் அவர்களைத் தங்கள் புனிதையின் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டார்கள்.

கதே வந்துபோன காலத்தில் வில்லா ஜூலியாவுக்குப் பக்கத்து நிலத்தில் இன்னொரு தோட்டத்துக்கு வேலை தொடங்கியிருந்தது. பலெர்மோவின் தாவரவியல் தோட்டம் அது. 1786இல் இடம் ஒதுக்கப்பட்டது; 1789இல் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லியோன் டுஃபூர்னி முதன்மைக் கட்டடத்தை எழுப்பத் தொடங்கினார்; 1795 டிசம்பரில் திறப்பு விழா நடந்தது. கதே மூலச்செடியைத் தேடியது இந்தத் தோட்டத்தில்தான் என்று பலரும் எழுதுகிறார்கள். அவர் வந்தபோது இது திறக்கப்படவே இல்லை.

இரண்டு தோட்டங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இயற்கையைப் பார்ப்பதற்கு அவை காட்டும் வழி வேறு வேறு. தாவரவியல் தோட்டத்தின் பழைய பகுதியில் பாத்திகளைத் தாவரவியலாளர் லின்னேயஸின் வகைப்பாட்டின்படி பிரித்திருந்தார்கள். மகரந்தத்தாள் எத்தனை, சூலகம் எத்தனை என்று எண்ணி, செடியை அதற்குரிய கட்டத்தில் வைக்கும் முறை அது. மருந்துச் செடிகளை இனம் காண வேண்டிய மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஏற்பாடு கிடையாது. லின்னேயஸைக் கதேயும் ஆழ்ந்து கற்றவர்தான். ஆனால் பிரித்துக் கட்டம் கட்டுவதில் அவர் மனம் ஒப்பவில்லை. ஒன்று மற்றொன்றாக மாறும் அந்த ஓட்டத்தைத்தான் அவர் பார்க்க விரும்பினார். 1794இல் கவிஞர் ஷில்லரிடம் இதை விளக்கியபோது, இது கண்ணால் கண்ட அனுபவம் அல்ல, ஒரு கருத்து என்று ஷில்லர் மறுத்தார். கருத்துகளைக் கண்ணாலேயே காண்கிறேன் என்றால் நல்லதுதானே என்ற பொருளில் கதே பதில் சொன்னார். இருவரின் நெடுநாள் நட்பு அந்த வாக்குவாதத்தில்தான் தொடங்கியது.

கதே வந்துபோய் 46 ஆண்டுகள் கழித்து, 1833 மார்ச் மாதத்தில், பலெர்மோவுக்கு இன்னொரு பயணி வந்தார். பாஸ்டனைச் சேர்ந்த ரால்ஃப் வால்டோ எமர்சன். வயது 29. காசநோயில் இளம் மனைவி எல்லெனைப் பறிகொடுத்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. நம்ப முடியாத சடங்கை நடத்த மாட்டேன் என்று சொல்லித் தேவாலயப் போதகர் வேலையையும் விட்டுவிட்டார். உடம்பும் மனமும் தளர்ந்த நிலையில் 1832 கிறிஸ்துமஸ் நாளில் ஒரு சரக்குக் கப்பலில் ஏறி, மால்டா வழியாக சிசிலிக்கு வந்து சேர்ந்திருந்தார்.

பலெர்மோவில் அவர் மனத்தில் பதிந்தது சாவின் காட்சி. கப்புச்சின் துறவிகளின் மடத்துக்கு அடியில் ஒரு நிலவறை உண்டு. 1599 முதல் இறந்தவர்களின் உடல்களைப் பதப்படுத்தி, ஆடை அணிவித்து, சுவர் மாடங்களில் நிறுத்தி வைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. முதலில் துறவிகள், பிறகு நகரத்துச் செல்வந்தர்கள் என்று ஆயிரக்கணக்கான உடல்கள் வரிசையாக நின்றன. அந்தப் பாதைகளில் நடந்து பார்த்ததை எமர்சன் தம் நாட்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். பின்னர் நேப்பிள்ஸுக்கும் ரோமுக்கும் போனார். ஜூலையில் பாரிஸ் தாவரவியல் தோட்டத்தையும் அதன் அருங்காட்சியகத்தையும் பார்த்தபோதுதான் இயற்கையைக் கற்பதே தன் வழி என்ற தெளிவு அவருக்குப் பிறந்தது. ஊர் திரும்பியதும் அந்த நவம்பரில் பாஸ்டனில் அவர் நிகழ்த்திய முதல் பொதுச் சொற்பொழிவு இயற்கை வரலாற்றின் பயன்கள் பற்றியதுதான். 1836இல் ‘இயற்கை’ என்ற சிறுநூல், 1841இல் ‘தன்னம்பிக்கை’ என்ற கட்டுரை.

அந்தக் கட்டுரையில் எமர்சன் பயண மோகத்தைக் கடுமையாகச் சாடுகிறார். துயரத்திலிருந்து தப்பிக்க ஒருவன் கடல் கடந்து நேப்பிள்ஸுக்குப் போய் இறங்கினாலும், காலையில் கண் விழித்தால் பக்கத்தில் படுத்திருப்பது அவன் விட்டுவந்ததாக நினைத்த அதே சோகம் கொண்ட தான்தான் என்கிறார். நேப்பிள்ஸைக் காட்டியது தற்செயல் அல்ல. சிசிலியிலிருந்து நேப்பிள்ஸ் போய் இறங்கிய துக்கம் கொண்ட இளைஞன் அவரேதான்.

கதேயை எமர்சன் தீவிரமாகப் படித்தது ஊர் திரும்பிய பிறகு. ஸ்காட்லாந்தில் சந்தித்த எழுத்தாளர் தாமஸ் கார்லைல் தூண்டியதில் ஜெர்மன் கற்று, மூல மொழியிலேயே கதேயின் நூல்தொகுதிகளைப் படித்தார். 1850இல் வெளியிட்ட ‘பிரதிநிதித்துவ மனிதர்கள்’ நூலில் கதேக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கினார். இலையே தாவரவியலின் அடிப்படை அலகு என்ற எண்ணத்தை நவீன அறிவியலுக்குத் தந்தவர் கதே என்று அதில் எழுதினார். எமர்சனின் தோழி மார்கரெட் ஃபுல்லரோ கதேயின் உரையாடல்களை 1839இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

இலை நேராகப் போய்ச் சேர்ந்தது ஹென்றி டேவிட் தோரோவிடம். ஹார்வர்டில் படித்து முடித்த 1837ஆம் ஆண்டிலேயே கதேயின் ‘இத்தாலியப் பயணம்’ நூலை ஜெர்மனில் படித்து நாட்குறிப்பில் எடுத்தெழுதத் தொடங்கினார் தோரோ. 1845 ஜூலை 4 முதல் இரண்டாண்டுகளுக்கு மேல் வால்டன் குளக்கரையில் சொந்தமாகக் குடில் கட்டி வாழ்ந்தார். அங்கே வசந்த காலத்தில் பனி உருகும்போது, ரயில் பாதைக்காக வெட்டிய மண்மேட்டில் ஈரமணல் வழிந்து இறங்கும். அந்த வழிதலில் தோரோவுக்கு இலைகள் தெரிந்தன. மணலிலும் இலை, பறவையின் சிறகிலும் இலை, மனிதனின் உள்ளங்கையிலும் இலை. பூமி முழுவதும் இலை வடிவத்தில்தான் தன்னை வெளிப்படுத்துகிறது என்று 1854இல் வெளியான ‘வால்டன்’ நூலின் வசந்த அத்தியாயத்தில் விரித்தெழுதினார். பலெர்மோ தோட்டத்து இலையே மாசசூசெட்ஸ் மண்மேட்டிலும் விரிந்தது.

அதே நூலில் சென்னையும் வருகிறது. வால்டன் குளத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்துக் கப்பலேற்றிப் போனார்கள். மெட்ராஸ்வாசிகள் தன் கிணற்றில் நீர் குடிக்கிறார்கள் என்று தோரோ மகிழ்ந்தார். தாம் காலையில் பகவத்கீதையில் மூழ்குவதையும் அதோடு சேர்த்துச் சொன்னார். அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ், விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் இன்றும் மெரினா கடற்கரையில் நிற்கிறது.

தனிமனிதத் தன்னம்பிக்கை என்ற கொள்கையை எடைபோடாமல் ஏற்கவும் கூடாது. தோரோ குடில் கட்டிய நிலம் எமர்சனுடையது. கதேயின் பயணத்துக்குப் பின்னால் வைமார் அரசின் சம்பளம் இருந்தது. வில்லா ஜூலியாவின் அரளிக்கு நீர் பாய்ச்சியவர்களின் பெயர் எந்தப் பயண நூலிலும் இல்லை. 1848 ஜனவரி 12 அன்று, அரசரின் பிறந்த நாளில், பலெர்மோ மக்கள் போர்பன் அரச வம்சத்தின் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். அந்த ஆண்டு ஐரோப்பாவை உலுக்கிய புரட்சிகளில் அதுதான் முதலாவது. மார்கரெட் ஃபுல்லர் அப்போது ரோமில் இருந்து ‘நியூயார்க் ட்ரிப்யூன்’ இதழுக்கு எழுதிக்கொண்டிருந்தார். தன் ஆன்மாவை வளர்ப்பது பற்றிப் பேசிய வட்டத்திலிருந்து வந்த அவர், அடுத்த ஆண்டு அங்கே எழுந்த ரோமானியக் குடியரசுக்காகப் போரிட்டுக் காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனையில் பணிவிடை செய்தார். தன்னை நம்புவது பிறரைக் கைவிடுவதல்ல என்பதைக் கான்கார்டு நண்பர்களைவிடத் தெளிவாக வாழ்ந்து காட்டியவர் ஃபுல்லர்.

கதேயின் உள்ளுணர்வுக்கு அறிவியலின் சான்று வரத் தாமதமானது. 1991இல் என்ரிகோ கோயன், எலியட் மேயரோவிட்ஸ் ஆகிய இருவரும் பூவின் உறுப்புகளை மூன்று வகை மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்று விளக்கினார்கள். அந்த மூன்றையும் செயலிழக்கச் செய்த செடியில் புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம் இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் இலை போன்ற உறுப்புகளே முளைத்தன. மூலச்செடி என்று ஒன்று எங்கும் நிற்கவில்லை. ஆனால் பூ உருமாறிய இலைதான் என்று சொன்ன கவிஞரின் கண் பொய்க்கவில்லை.

பலெர்மோவின் தாவரவியல் தோட்டம் இப்போது பல்கலைக்கழகத்தின் பராமரிப்பில் சுமார் 10 ஹெக்டேரில் விரிந்திருக்கிறது. 1845இல் ஆஸ்திரேலியப் பகுதித் தீவிலிருந்து கொண்டுவந்த அத்தி இன மரம் ஒன்று, நம் ஆலமரத்தைப் போல விழுதூன்றிப் பரந்து நிற்கிறது. சிசிலியெங்கும் பூங்காக்களில் காணும் அதே இன மரங்கள் பரவியது இங்கிருந்துதான்.

தோரோ விட்டுச்சென்றவற்றுள் இன்று அறிவியலுக்கு மிகவும் பயன்படுவது அவருடைய தத்துவம் அல்ல, 1850களில் கான்கார்டில் எந்தச் செடி எந்த நாளில் பூத்தது என்று அவர் எழுதி வைத்த பட்டியல்கள்தான். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரிமாக் குழுவினர் அவற்றை இன்றைய பூக்கும் நாட்களோடு ஒப்பிட்டு, பருவநிலை மாற்றத்தால் வசந்தம் எத்தனை முந்தி வருகிறது என்று காட்டினார்கள். நம் பள்ளிகளிலும் இதைச் செய்யலாம். சித்திரைப் பிறப்பை ஒட்டிப் பூக்கும் சரக்கொன்றை உங்கள் தெருவில் எந்த நாளில் முதல் பூ விட்டது என்று ஆண்டுதோறும் குறித்து வையுங்கள். ‘சீசன்வாட்ச்’ என்ற இந்திய மக்கள் அறிவியல் திட்டம் இப்படிப்பட்ட பதிவுகளை மாணவர்களிடமிருந்தும் ஆசிரியர்களிடமிருந்தும் வாங்கித் தொகுத்து வருகிறது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, இந்த ஆண்டே தொடங்குங்கள்.